உடலசைவில் இயக்கப் புறணியும் சிறுமூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயக்கப் புறணி எங்கே இருக்கிறது? அது என்ன செய்கிறது?

ஒரு காதிலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதுக்கு ஒரு நாடாவைக் கட்டியதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ அந்த நாடாவுக்கு அடியில், பெருமூளையின் மைய மடிப்புக்குச் சற்று முன்னால் இருக்கும் பட்டையே முதன்மை இயக்கப் புறணி ஆகும். புறணி என்பது பெருமூளையைப் போர்த்தியிருக்கும் மேலுறை. அதன் தடிமன் சில மில்லிமீட்டர் மட்டுமே. இந்தப் பட்டையில் உள்ள மிகப் பெரிய நரம்புச் செல்களைக் கீவ் நகரைச் சேர்ந்த விளாதிமிர் பெட்ஸ் 1874இல் விவரித்தார். இன்றும் அவை பெட்ஸ் செல்கள் என்றே அழைக்கப்படுகின்றன. இங்கிருந்தும், இதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளிலிருந்தும், பக்கத்துக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் நரம்பிழைகள் புறப்பட்டு மூளைத்தண்டைக் கடந்து தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. கால் விரலுக்கான கட்டளையைச் சுமக்கும் இழை, வழியில் எங்கும் ஆள் மாறாமல், ஒரே செல்லின் நீட்சியாக அரை மீட்டருக்கும் மேல் பயணம் செய்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியை அடைகிறது. அங்கிருந்து தசைக்குச் செல்லும் நரம்பு வேறொரு செல்லுக்கு உரியது.

பாடப்புத்தகப் படங்களில் பெட்ஸ் செல்களே எல்லாவற்றையும் செய்வது போன்ற தோற்றம் இருக்கும். உண்மையில் இறங்கிச் செல்லும் இழைகளில் அவற்றுக்கு உரியவை நூற்றுக்குச் சில மட்டுமே. எஞ்சியவை சிறிய செல்களிலிருந்து வருகின்றன; அவற்றில் கணிசமான பங்கு தொடு உணர்வுக்குரிய பகுதியிலிருந்தும் வருகிறது.

இயக்கப் புறணியின் தனித்திறமை விரல்களைத் தனித்தனியே ஆளுவதில் இருக்கிறது. அப்பகுதி பழுதுபட்டவருக்குத் தோளையும் முழங்கையையும் அசைக்கும் ஆற்றல் ஓரளவு திரும்பி வந்த பின்னும், சட்டைப் பொத்தானைப் போடுவதும் ஊசியில் நூல் கோப்பதும் நெடுங்காலம் கைகூடாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் நடப்பதற்கும் ஒவ்வோர் அடியாக இயக்கப் புறணி கட்டளையிட வேண்டுமா?

வேண்டியதில்லை. மாறிமாறிக் கால் வைக்கும் தாளத்தை உண்டாக்கும் சுற்றுகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன என்பதை 1911ஆம் ஆண்டிலேயே தாமஸ் கிரகாம் பிரௌன் பூனைகளில் காட்டினார். மனிதரில் மேலிருந்து வரும் ஆணைக்குப் பங்கு கூடுதல். ஆயினும் தாளம் கீழே பிறக்கிறது என்பது மனிதருக்கும் பெருமளவு பொருந்தும். வரப்பில் நடக்கும்போதும், படியில் கிடக்கும் செருப்பைத் தாண்டும்போதும், கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தாக வேண்டிய நேரங்களில் இயக்கப் புறணியின் வேலை மிகுகிறது.

சிறுமூளைக்கு அந்தப் பெயர் பொருத்தமானதா?

அளவை மட்டும் பார்த்தால் பொருத்தமானது. பிடரிக்கு மேலே, பெருமூளைக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் அதன் எடை மூளை எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. செல்களை எண்ணினால் கதை தலைகீழாகிறது. 2009இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் உள்ளவை, பெருமூளைப் புறணிக்கு உரியவை 1,600 கோடி மட்டுமே. ஐந்தில் நான்கு பங்குக் குடும்பம் இந்தச் சின்ன வீட்டில்தான் குடியிருக்கிறது. நெருக்கமாக மடிக்கப்பட்ட அதன் மேற்பரப்பை முழுதாக விரித்தால், அது பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ 78 விழுக்காடு வரும் என்று 2020இல் அளந்து காட்டினார்கள். பழைய உடற்கூறாளர்கள் பெயர் வைத்தபோது அவர்கள் கையில் கத்தி இருந்தது, நுண்ணோக்கி இல்லை.

இவ்விரண்டில் கட்டளையிடுவது எது, கீழ்ப்படிவது எது?

இந்தக் கேள்வியே வழி தவற வைக்கிறது என்பது என் கருத்து. இயக்கப் புறணியை மேலாளராகவும் சிறுமூளையை உதவியாளராகவும் காட்டும் விளக்கங்கள் பரவலாக இருக்கின்றன. அவற்றைப் படித்தவர் சிறுமூளை எதற்காக இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டி ஆளுகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினம். அதைவிடப் பயனுள்ள தொடக்கம் தாமதத்தைப் பற்றிய கேள்வியாகும்.

நரம்பு வழியே செய்தி செல்வதற்கு நேரம் ஆகிறது. இயக்கப் புறணியைத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் தூண்டும் முறையை 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அப்படித் தூண்டினால் கைத்தசை துடிப்பதற்கு ஏறத்தாழ 20 மில்லி நொடி ஆகிறது. இது கீழ்நோக்கிய பயணம் மட்டுமே. கை எங்கே போனது என்பதைக் கண் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, திருத்திய கட்டளை மீண்டும் கைக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகிவிடும். அந்த இடைவெளியில் கை வேறோர் இடத்தில் இருக்கும். பிழையைப் பார்த்த பிறகே திருத்துவது என்று உடல் முடிவு செய்தால், ஒவ்வொரு திருத்தமும் பழைய செய்தியின் மேல் கட்டப்பட்டதாகி, கை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி, மீண்டும் தாண்டி, ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

தேநீர்க் கடையில் டீ ஆற்றுபவரைப் பார்த்தால் இது விளங்கும். மேலே உள்ள குவளையிலிருந்து கீழே உள்ள குவளைக்கு ஒரு முழத்துக்கு மேல் இழுத்து ஊற்றும்போது, கீழ்க் கையில் கனம் கூடிக்கொண்டே வருகிறது, மேல் கையில் குறைந்துகொண்டே போகிறது; ஆனால் இரண்டு கைகளும் தடுமாறுவதில்லை. கனம் கூடியதை உணர்ந்த பிறகு பிடியை இறுக்கியிருந்தால் குவளை ஒவ்வொரு முறையும் சற்றுத் தாழ்ந்து எழும். அவருடைய கை, கனம் வருவதற்கு முன்பே வரப்போகும் கனத்துக்குத் தயாராகிவிடுகிறது. இயக்கப் புறணி கட்டளையை அனுப்புகிறது. அந்தக் கட்டளையின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. இதனால் உடலுக்கு என்ன நேரும் என்பதைச் சிறுமூளை, புலன்கள் சொல்லும் வரை காத்திராமல், முன்னதாகவே கணித்து, தேவையான திருத்தத்தை, மூளையின் நடுவில் உள்ள செய்தி மாற்று நிலையமான தலாமஸ் வழியாக, இயக்கப் புறணிக்கே திருப்பி அனுப்புகிறது. சிறுமூளையிலிருந்து எந்தத் தசைக்கும் நேர் வழி இல்லை. அது பேசுவதெல்லாம் பிறர் வாய் வழியாகத்தான்.

இந்த முன்கணிப்பை நான் வீட்டிலேயே உணர்ந்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கனமான புத்தகத்தை இடது உள்ளங்கையில் வைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக் கையாலேயே அந்தப் புத்தகத்தை வெடுக்கென்று எடுங்கள்: இடக் கை ஏறத்தாழ அசையாமல் நிற்கும். இப்போது வீட்டில் உள்ள வேறொருவரை அதே புத்தகத்தை அப்படியே எடுக்கச் சொல்லுங்கள்: எவ்வளவு கவனமாக இருந்தாலும் இடக் கை மேல்நோக்கித் துள்ளும். முதல் முறை வலக் கைக்குப் போன கட்டளையின் விளைவைக் கணித்து, சரியான கணத்தில் இடக் கைத் தசை தளர்த்தப்பட்டது. இரண்டாம் முறை கணிப்பதற்குக் கட்டளை எதுவும் உங்களிடம் இல்லை. சிறுமூளை பழுதுபட்டவர்களிடம் இந்தத் தயாரிப்பு குறைகிறது அல்லது நேரம் தவறுகிறது.

தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க முடியாததும் இதே வகையைச் சேர்ந்தது. 1998இல் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் ஆகியோர் மூளைப் படமெடுத்துப் பார்த்தபோது, தானே உண்டாக்கிய தொடுகைக்குத் தொடு உணர்வுப் பகுதியின் எதிர்வினை குறைந்திருந்ததையும், அதில் சிறுமூளைக்குப் பங்கிருப்பதையும் கண்டனர். எதிர்பார்த்த தொடுகை என்பதால் அதன் கூர்மை மழுங்குகிறது.

சிறுமூளை தன் கணிப்பை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

இதற்கு அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். மூளையிலேயே இவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்ட பகுதி அரிது. நடுநாயகமாக நிற்பவை பர்கின்ஜி செல்கள். செக் அறிஞர் யான் புர்க்கினே 1837இல் விவரித்த இந்தச் செல்களின் கிளைகள் பனையோலை விசிறியைப் போல ஒரே தளத்தில் தட்டையாக விரிந்திருக்கும். துகள் செல்கள் எனப்படும் எண்ணற்ற மிகச் சிறிய செல்களிலிருந்து எழும் மெல்லிய இழைகள், மின்கம்பங்களின் ஊடே செல்லும் கம்பிகளைப் போல, இந்த விசிறிகளைக் குறுக்காக ஊடுருவிச் செல்கின்றன. இவற்றுக்கு இணை இழைகள் என்று பெயர். ஒரு பர்கின்ஜி செல்லில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணை இழைகள் இணைப்புக் கொண்டுள்ளன. உடலின் நிலை, கட்டளையின் நகல், காதின் சமநிலைச் செய்தி, கண்ணின் செய்தி என எல்லாம் இந்த இழைகள் வழியே வந்து சேர்கின்றன.

இத்தனைக்கும் நடுவில், ஒவ்வொரு பர்கின்ஜி செல்லையும், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து வரும் ஒரே ஓர் இழை, மரத்தில் கொடி படர்வது போலச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. அதற்கு ஏறு இழை என்று பெயர். இணை இழைகளின் தூண்டலால் பர்கின்ஜி செல் நொடிக்குப் பல பத்து முறை துடிக்கும். ஏறு இழையோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மட்டுமே பேசும், ஆனால் பேசினால் செல்லே அதிரும்.

எப்போதாவது மட்டும் பேசும் இந்த இழை எதைச் சொல்கிறது? 1969இல் டேவிட் மார், 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் ஆகிய இருவரும், அது ஆசிரியரின் குரல் என்று தனித்தனியே முன்மொழிந்தனர். 'இப்போது செய்தது பிழை' என்று அது சொல்லும் கணத்தில் எந்த இணை இழைகள் செயல்பட்டுக்கொண்டிருந்தனவோ, அவற்றின் இணைப்பு வலிமை மாறும் என்பது கருத்து. வலிமை கூடும் என்றார் மார். குறையும் என்றார் ஆல்பஸ். 1982இல் ஜப்பானிய அறிஞர் மசாவோ இதோவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனையில் வலிமை குறைவதே காணப்பட்டது. ஒரு கோட்பாடு பிறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்துச் சோதனைக் கூடத்தில் அதன் ஒரு பாதி மெய்யாவதை நரம்பறிவியலில் அடிக்கடி பார்க்க முடியாது. பிற்கால ஆய்வுகள் இந்தப் படத்தைச் சிக்கலாக்கியுள்ளன. பர்கின்ஜி செல்களுக்குக் கீழே, சிறுமூளையின் ஆழத்தில் உள்ள, உட்கருக்கள் எனப்படும் நரம்புச் செல் தொகுதிகளிலும் கற்றல் நிகழ்கிறது, இணைப்பு வலுப்படுவதும் உண்டு.

பர்கின்ஜி செல்கள் அனைத்தும் தடுக்கும் செல்கள் என்பது வியப்பான செய்தி. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியேறும் ஒரே குரல் 'வேண்டாம்' என்பதுதான். ஆழ உட்கருக்களின் இயல்பான துடிப்பில் எதை எப்போது அடக்குவது, எப்போது விடுவிப்பது என்பதை வைத்தே அசைவு செதுக்கப்படுகிறது.

அன்றாட வாழ்வில் இந்தக் கற்றலைச் சந்திக்கும் இடம் மூக்குக் கண்ணாடிக் கடை. புதிய கண்ணாடியைப் போட்ட முதல் நாள் தரை மேலெழுந்து வருவது போலவும், தலையைத் திருப்பினால் உலகம் வழுக்குவது போலவும் இருக்கிறது. தலை திரும்பும்போது கண் எதிர்ப்புறமாக எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற பழைய கணக்கு, கண்ணாடி உருவத்தின் அளவை மாற்றிவிட்டதால் பொய்த்துவிட்டது. சில நாட்களில் சிறுமூளை கணக்கைத் திருத்துகிறது. 'பழகிவிடும்' என்று கடைக்காரர் சொல்வது சரியான நரம்பறிவியல்.

இவையெல்லாம் எப்படிக் கண்டறியப்பட்டன?

சிறுமூளைக்குத்தான் முதலில் விடை கிடைத்தது. பிரெஞ்சு உடலியலாளர் மரி ஜான் பியேர் ஃபுளூரான்ஸ் புறாக்களின் சிறுமூளையைப் படிப்படியாக அகற்றிப் பார்த்து, 1824இல் முடிவுகளை வெளியிட்டார். புறாக்கள் முடங்கிவிடவில்லை, அசைந்தன, பறக்க முயன்றன, ஆனால் அசைவுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. வலிமை வேறு, ஒத்திசைவு வேறு என்ற வேறுபாடு அங்கேதான் தெளிவாயிற்று.

அதே ஃபுளூரான்ஸ், பெருமூளைப் புறணியில் இன்ன இடத்துக்கு இன்ன வேலை என்ற பிரிவு இல்லை என்றும், அதைத் தூண்டினால் அசைவு வராது என்றும் கருதினார். அவருடைய புகழால் அக்கருத்து நெடுங்காலம் நின்றது. வலிப்பு ஒரு கட்டை விரலில் தொடங்கிக் கை வழியாக முகத்துக்கு ஊர்ந்து பரவுவதைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், புறணியில் உடலின் உறுப்புகளுக்குத் தனித்தனி இடங்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1870இல் பெர்லினில் குஸ்தாவ் ஃபிரிட்ச், எட்வர்ட் ஹிட்ஸிக் ஆகிய இருவரும் நாயின் புறணியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினர். தகுந்த ஆய்வுக்கூட வசதி கிடைக்காததால் இச்சோதனைகள் ஹிட்ஸிக்கின் வீட்டிலேயே நடந்தன.

மனிதச் சிறுமூளையைப் பற்றிய மிக நுட்பமான விவரங்கள் போரிலிருந்து வந்தன. முதல் உலகப் போரின் இரும்புத் தொப்பி பின்தலையை முழுதாக மறைக்கவில்லை. குண்டுக் காயத்தால் சிறுமூளையின் ஒரு பக்கம் மட்டும் சிதைந்த வீரர்களை ஆராய்ந்து கார்டன் ஹோம்ஸ் 1917இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காயமுற்ற பக்கக் கையும் நல்ல பக்கக் கையும் ஒரே மனிதரிடம் அருகருகே இருந்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. அவருடைய நோயாளி ஒருவர், இடக் கையின் அசைவுகள் தாமாக நடந்துவிடுவதாகவும், வலக் கையின் ஒவ்வோர் அசைவையும் தாம் யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதாகவும் கூறியுள்ளார். சிறுமூளையின் வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

புறணியில் தலைகீழாகத் தொங்கும் மனித உருவம் உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையின்போது, விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மின்முனையால் தொட்டுப் பார்த்து, எந்த இடத்தைத் தொட்டால் எந்த உறுப்பு அசைகிறது என்பதை மனித உருவமாகக் காட்டும் அந்த வரைபடத்தை 1937இல் எட்வின் போல்டிரியுடன் இணைந்து வெளியிட்டார். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லாததால் இது இயன்றது. கால் உச்சியிலும் உட்புறத்திலும், கை நடுவிலும், முகமும் நாக்கும் பக்கவாட்டிலும் அமைந்துள்ளன. கைக்கும் வாய்க்கும் உடலளவுக்கு மீறிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வரைபடத்தை நாட்டு எல்லைக் கோடுகள் போல எடுத்துக்கொண்டால் பிழையாகும். விரல்களுக்குரிய இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. பிரின்ஸ்டனில் மைக்கேல் கிராசியானோ 2002இல் குரங்குகளின் இயக்கப் புறணியை அரை நொடி தொடர்ந்து தூண்டியபோது, தனித்தசைத் துடிப்புக்குப் பதிலாக, கையை வாய்க்குக் கொண்டுபோவது போன்ற முழுச் செயல்கள் வெளிப்பட்டன. 2023இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால், கை, வாய் ஆகியவற்றின் பகுதிகளுக்கு இடையிடையே, எந்தத் தனி உறுப்புக்கும் உரியதல்லாத இடங்கள் இருப்பதையும், அவை திட்டமிடுதலோடும் உள்ளுறுப்புக் கட்டுப்பாட்டோடும் தொடர்புடைய வலையமைப்பில் சேர்ந்திருப்பதையும் காட்டினர்.

பெருமூளை எதிர்ப்பக்கத்தை ஆளும்போது, சிறுமூளை மட்டும் அதே பக்கத்தை ஆளுவது ஏன்?

இரண்டு முறை கடப்பதால். இயக்கப் புறணியிலிருந்து இறங்கும் இழைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு முகுளத்தில் மறுபக்கம் தாண்டுகின்றன. ஆகவே இடப் பெருமூளை பழுதானால் வலக் கை தளர்கிறது. வலச் சிறுமூளையின் செய்தி முதலில் இடப் பெருமூளைக்குக் கடந்து செல்கிறது. அங்கிருந்து புறப்படும் கட்டளை மீண்டும் வலப் பக்கம் கடக்கிறது. போன கடன் திரும்பி வந்துவிடுகிறது. எதிரெதிர்ப் பக்கம் என்ற ஏற்பாடே எதற்காகத் தோன்றியது என்பதற்குப் பல கருத்துகள் உள்ளன, ஒன்றும் முடிவானதல்ல.

நன்கு பழகிய செயலை யோசிக்காமலேயே செய்கிறோமே, அந்த நினைவு எங்கே இருக்கிறது? தசையிலா?

'கைப்பழக்கம்' என்ற சொல் அழகானது, ஆனால் அந்தப் பழக்கம் கையில் இல்லை. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் அமைப்பிலும் இல்லை. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரு பக்க உட்பகுதிகளும் அகற்றப்பட்டு, புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் அளித்தார். ஒவ்வொரு நாளும் அது தமக்குப் புதிய வேலை என்றே அவர் கருதினார். ஆனால் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது.

பயிற்சி இயக்கப் புறணியின் வரைபடத்தையே மாற்றுகிறது. 1995இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 5 நாட்கள் பியானோ விரற்பயிற்சி செய்தவர்களிடம் அந்த விரல்களுக்குரிய பகுதி விரிந்தது. பயிற்சியை மனத்துக்குள் மட்டும் செய்து பார்த்தவர்களிடமும் அது விரிந்தது. மிருதங்க மாணவர்கள் பேருந்தில் போகும்போது தொடையில் விரல் படாமல் சொற்கட்டை ஓட்டிப் பார்ப்பது வீண் இல்லை.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு முடிவு 2015இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. நெம்புகோலைக் குறிப்பிட்ட இடைவெளியில் இருமுறை அழுத்தப் பழகிய எலிகள், இயக்கப் புறணி அகற்றப்பட்ட பிறகும் அதே நேர்த்தியோடு அழுத்தின. புறணி இல்லாத புதிய எலிகளால் அதைக் கற்கவே முடியவில்லை. அந்த வகைச் செயலில் புறணி ஆசிரியராக இருந்து, பாடம் படிந்தபின் விலகிக்கொள்கிறது. எலியின் முன்காலுக்குப் பொருந்துவது மனித விரல்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவர் மூக்கைத் தொடச் சொல்வது எதற்காக?

அந்த எளிய சோதனை சிறுமூளையின் கணிப்பை நேரடியாகப் பரிசோதிக்கிறது. மருத்துவரின் விரலையும் தம் மூக்கையும் மாறிமாறித் தொடும்போது, சிறுமூளை பழுதுபட்டவரின் கை இலக்கை நெருங்க நெருங்க நடுங்கும், இலக்கைத் தாண்டும். முன்பு சொன்ன, தாமதமான செய்தியை நம்பித் திருத்தும் ஊசலாட்டம் இதுவே. உள்ளங்கையையும் புறங்கையையும் வேகமாகத் திருப்பித் திருப்பித் தட்டச் சொன்னால் தாளம் குலையும். மடக்கிய கையை மருத்துவர் இழுத்துப் பிடித்து, சட்டென்று விட்டுவிட்டால், கை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் நோயாளியின் முகத்தை நோக்கிப் பாயும். நல்ல மருத்துவர் தம் மறு கையை முன்னதாகவே அங்கே தடுப்பாக வைத்திருப்பார்.

பார்க்கின்சன் நோயின் நடுக்கம் கை சும்மா மடியில் இருக்கும்போது தோன்றி, எதையாவது எடுக்கப் போகையில் குறைகிறது. அங்கே பாதிக்கப்படுவது பெருமூளையின் ஆழத்தில் உள்ள செல் தொகுதிகளான அடித்தள உட்கருக்கள். இயக்கப் புறணியோ அதன் பாதையோ பழுதானால் முதன்மையாகத் தெரிவது பலவீனம், பின்னர் விறைப்பு. அப்போது முகத்தின் கீழ்ப்பாதி கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடியும், ஏனெனில் நெற்றித் தசைக்கு இரு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருகிறது.

மது அருந்தியவர் தள்ளாடுவது சிறுமூளையாலா?

பெருமளவுக்கு ஆம். தள்ளாட்ட நடை, குழறும் பேச்சு, துள்ளும் கண்கள் ஆகியவை சிறுமூளை நோயிலும் அப்படியே காணப்படுபவை. உள்காதின் பாதிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்பவர்களுக்குச் சிறுமூளையின் நடுப்பகுதியின் முன்புறம் சுருங்கி, குடிக்காத நாளிலும் கால்களை அகட்டி நடக்கும் நிலை வருகிறது. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் மாத்திரையின் அளவு இரத்தத்தில் மிகுந்தாலும் இதே தள்ளாட்டம் வரும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது வலிப்பைக் கூட்டி வரும் என்பதால் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தலைச்சுற்றல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத நிலை எது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். பக்கவாதம் என்றவுடன் முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் கை கால் வலிமை முழுதாக இருக்கலாம். திடீர்த் தலைச்சுற்றல், ஓயாத வாந்தி, பிடரித் தலைவலி, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணையின்றி நிற்கவோ நடக்கவோ முடியாமை ஆகியவை அதன் முகம். பித்தம் என்றும் காது நோய் என்றும் எண்ணி ஓர் இரவு காத்திருப்பது ஆபத்தானது. முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இயல்பாகத் தோன்றலாம், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டிவிடும். அடுத்த சில நாட்களில் சிறுமூளை வீங்கினால், பக்கத்திலேயே உள்ள மூளைத்தண்டு நசுங்கி மூச்சும் நினைவும் பாதிக்கப்படும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கால எல்லை நான்கரை மணி நேரம். தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழைக்கலாம்.

சிறுமூளைத் தள்ளாட்டம் பரம்பரையாக வருமா? சொந்தத்தில் மணம் செய்ததுதான் காரணமா?

சில வகைகள் பரம்பரையாக வரும். தண்டுவட-சிறுமூளைத் தள்ளாட்டம் என்ற தொகுப்பில் பல வகைகள் எண்ணிடப்பட்டுள்ளன. 1ஆம் வகைக்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அம்மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே கோளாறு. தலைமுறை தோறும் அது நீளக்கூடும் என்பதால், தந்தைக்கு நாற்பதில் வந்தது மகனுக்கு முப்பதிலேயே வரலாம். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே இந்த 1ஆம் வகை கூடுதலாகக் காணப்படுவதை இந்திய நரம்பியல் இதழில் பதிவு செய்துள்ளனர்.

இந்த வகைக்கு உறவுத் திருமணம் காரணமன்று. பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் மரபணுக் கோளாறு இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. மற்றவர் அத்தை மகனோ அந்நியரோ என்பது பொருட்டில்லை. ஃபிரீட்ரைக் தள்ளாட்டம் போன்ற வேறு சில வகைகள் மட்டும் இருபுறமும் கோளாறு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். அவற்றில் நெருங்கிய உறவு மணம் வாய்ப்பைக் கூட்டும். எந்த வகை என்று தெரியாமல் மருமகளின் வீட்டாரைக் குறை சொல்லும் வழக்கத்துக்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

சிறுமூளையே இல்லாமல் வாழ முடியுமா?

மிக அரிதாக. பிறவியிலேயே சிறுமூளை இல்லாத 24 வயதுச் சீனப் பெண் ஒருவரைப் பற்றி 2014இல் எழுதப்பட்டது. அவர் தலைச்சுற்றலுக்காக மருத்துவமனைக்கு வந்தபோதுதான் அது தெரியவந்தது. ஏழு வயதில்தான் துணையின்றி நடக்கத் தொடங்கினார். நடையும் பேச்சும் முழுமையாகத் தேறவில்லை, ஆனாலும் வாழ்ந்தார். வளர்ந்த பின் சிறுமூளையை இழப்பவர்கள் இவ்வளவு ஈடுகட்டுவதில்லை.

பயிற்சியால் எவ்வளவு மீள முடியும்?

இயக்கப் புறணி பாதிக்கப்பட்டவருக்குச் சுற்றியுள்ள புறணி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. நல்ல கையைக் கட்டிவைத்து, தளர்ந்த கையையே பயன்படுத்த வைக்கும் எட்வர்ட் டாப் என்பவரின் முறை, விரல்களில் ஓரளவு அசைவு எஞ்சியிருப்பவர்களுக்குப் பயன் தருகிறது.

சிறுமூளை பாதிக்கப்பட்டவரின் நிலை வேறு. கற்றுக்கொள்ளும் கருவியே பழுதாகியிருக்கிறது. ஆயினும் சில வாரத் தீவிர ஒத்திசைவுப் பயிற்சிக்குப் பின் நடை தேறியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டில் உதவுபவை எளிய வழிகள்: அசைவை மெதுவாக்குவது, முழங்கையை மேசையில் ஊன்றி ஒரு மூட்டை மட்டும் அசைப்பது, குவளையைப் பாதி மட்டும் நிரப்புவது. வேகம் குறைந்தால் தாமதமான செய்தியும் பயன்படும் அளவுக்குப் புதியதாகிவிடுகிறது. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று பக்கத்தில் நின்று விரட்டுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

கை செயலற்றுப் போனபின் இயக்கப் புறணி என்ன செய்கிறது?

தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழே முடங்கிய ஒருவரின் இயக்கப் புறணியில், கைக்குரிய பகுதியில், சிறு மின்முனைத் தொகுப்புகளைப் பொருத்திய ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், தாளில் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுமாறு அவரிடம் கூறினர். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய நரம்புத் துடிப்புகளைக் கணினி பிரித்தறிந்து திரையில் அச்சிட்டது. 2021இல் வெளியான முடிவின்படி வேகம் நிமிடத்துக்கு 90 எழுத்துகள். அந்தக் கை பேனாவைப் பிடித்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்துகளின் வளைவுகளும் பேனாவை எடுத்து வைக்கும் இடங்களும் புறணியில் அப்படியே இருந்தன.